நிலத்துக்குக் கீழே ஒரு ஏரி: அல்புகேர்க்கியும் ரியோ கிராண்டே ஆறும்

யாழ்ப்பாணத்தில் கிணற்றோடு வளர்ந்தவர்களுக்கு ஒரு விசயத்தை ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. பக்கத்து வளவுக்காரர் தோட்டத்துக்கு மோட்டர் போட்டு இறைக்கத் தொடங்கினால் எங்கட கிணற்றில் தண்ணி இறங்கும். ஆடி, ஆவணியில் வேலிச் சண்டையோடு சேர்ந்து தண்ணிச் சண்டையும் வாறது இதாலதான். ஆனால் "நீ கிணற்றில் இறைச்சால் ஆறு வத்தும்" எண்டு ஒருவர் வந்து சொன்னால் நாங்கள் சிரிப்பம். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல, மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கியாற்றை விட்டால் வேறொன்றும் இல்லை. அந்தக் கேள்வி எங்கட ஊரில் பிறக்க இடமில்லை.

கம்பஸில் சுற்றாடல் வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு குழு ஒப்படை தந்தார்கள். சனத்தொகை பெருகிவரும் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றை எடுத்து, அங்கே தண்ணீரை யார் அளந்தார்கள், எதற்காக அளந்தார்கள், அளந்ததை யார் கேட்டார்கள் என்று எழுதவேண்டும். நாங்கள் எடுத்தது அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் ரியோ கிராண்டே ஆறு ஓடும் நடுப் பள்ளத்தாக்கு. அதன் பெரிய நகரம் அல்புகேர்க்கி. 'பிரேக்கிங் பாட்' பார்த்தவர்களுக்கு அந்த வெயிலும் மஞ்சள் மண்ணும் ஞாபகம் இருக்கும். உண்மையைச் சொன்னால் எங்களில் ஒருத்தன் அந்த ஊரைச் சொன்னதே அந்தத் தொடருக்காகத்தான். ஒப்படை முடிந்து புள்ளியும் வந்துவிட்டது. கதை மட்டும் எங்களை விடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறோம்.

அல்புகேர்க்கியில் வருசத்துக்கு விழும் மழை ஏறக்குறைய 9 அங்குலம். யாழ்ப்பாணத்தில் 50 அங்குலத்துக்குக் கிட்ட. ஆகவே அங்கே ஆறு ஓடுவது ஊர் மழையால் அல்ல. வடக்கே கொலராடோவின் மலைகளில் மாரியில் விழும் பனி, வைகாசி ஆனியில் உருகி இறங்குகிறது. நியூ மெக்சிக்கோவை வடக்குத் தெற்காக வெட்டிக்கொண்டு ஓடி, பிறகு டெக்சாஸுக்கும் மெக்சிக்கோவுக்கும் எல்லையாகி, கடைசியில் மெக்சிக்கோ வளைகுடாவில் விழுகிறது. அந்த ஒரு நூல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு புவேப்ளோ பூர்வகுடிகள் பல நூற்றாண்டுகளாக அங்கே சோளம் செய்தார்கள். பிறகு ஸ்பானியர் வந்தார்கள். அல்புகேர்க்கி 1706இல் அவர்கள் நிறுவிய ஊர். அசேக்கியா என்று சொல்லப்படும் மண் வாய்க்கால்களால் வயலுக்குத் தண்ணீர் போனது. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று முறை வைத்துத் திறந்துவிட, வாய்க்காலுக்கு ஒரு மயோர்டோமோ இருந்தார். வன்னியில் வட்டவிதானை பார்த்த வேலை என்று வைத்துக்கொள்ளுங்கோ. அவர்களும் தண்ணீரை அளந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் அளந்தது பங்கை. முழு ஆறும் எவ்வளவு என்று கேட்கவேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது வொஷிங்டன். அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் தலைவர் ஜோன் வெஸ்லி பவல், உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர். 1869இல் படகில் கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்குக்குள்ளால் போய் வந்தவர். மேற்கில் நிலம் கணக்கில்லாமல் கிடக்கிறது, ஆனால் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது என்பதே அவருடைய வாதம். 1888இல் காங்கிரஸ் நீர்ப்பாசன அளவைக்குக் காசு ஒதுக்கியது. ஆற்றை அளக்கத் தெரிந்தவர்கள் அப்போது நாட்டிலேயே கொஞ்சப் பேர்தான். ஆகவே முதலில் ஆக்களைப் பழக்கவேண்டும். 1888 மார்கழியில் பிரெடெரிக் நியூவெல் என்ற 26 வயது இளைஞரின் தலைமையில், அப்போதுதான் படிப்பு முடித்த பெடியள் ஒரு கூட்டம் ரியோ கிராண்டேக் கரையில் எம்புடோ என்ற இடத்தில் கூடாரம் அடித்தது. பக்கத்தில் ரயில் பாதை இருந்தது. மாரியிலும் ஆறு முழுக்க உறையாது என்றும் எதிர்பார்த்தார்கள்.

அவர்கள் செய்த வேலை கேட்க லேசு. ஆற்றின் குறுக்குவெட்டைப் பல துண்டுகளாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்த்து, சுழலும் கருவியொன்றை இறக்கி வேகம் பார்க்கவேண்டும். பரப்பை வேகத்தால் பெருக்கினால் விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று வரும். இதை ஆறு உயர்ந்த நாளிலும் தாழ்ந்த நாளிலும் திரும்பத் திரும்பச் செய்து ஒரு வளைகோடு கீறினால், அதற்குப் பிறகு கரையில் நட்ட அளவுகோலில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்தாலே போதும், பாய்ச்சல் தெரியும். 1889 தை மாதம் எம்புடோவில் தொடங்கியது அந்தத் திணைக்களத்தின் முதலாவது ஆற்றுப் பாய்ச்சல் நிலையம். இன்றைக்கும் அந்த இடத்தில் அளக்கிறார்கள். எங்களைவிட நாலைந்து வயது கூடினவர்கள், குளிருக்குள் ஆற்றில் நின்று ஒரு புதுத் தொழிலையே உண்டாக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு வெளிக்கள வேலைக்கு பஸ் அரைமணித்தியாலம் பிந்தினாலே முகம் கோணும்.

பவலின் அளவை இரண்டு வருசம்கூட முழுசாக நடக்கவில்லை. தண்ணீர் எங்கே போதும் எங்கே போதாது என்று தெரியும்வரை காணி கொடுப்பதை நிறுத்தி வைக்கும் நிலை வந்தது. மேற்கு மாநில செனட்டர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1890இல் காசை வெட்டினார்கள். 1893இல் லொஸ் ஏஞ்சலீஸில் நடந்த நீர்ப்பாசன மாநாட்டில், இருக்கிற நிலத்துக்கு இருக்கிற தண்ணீர் காணாது என்று பவல் சொன்னபோது சபை கூச்சல் போட்டது. எங்கட ஒப்படைக்குழுவில் பெரிய விவாதம் வந்தது இந்த இடத்தில்தான். அளவு என்பது சும்மா அறிவு தேடும் வேலை இல்லை. வளரவேண்டும் என்று நினைக்கிற ஒருவனுக்கு அளவு தடையாக வரலாம். அப்படி வந்தால் முதலில் அளப்பவனின் சம்பளம் போகும். இதைக் கண்டுபிடிக்க நியூ மெக்சிக்கோ வரை போயிருக்கத் தேவையில்லைத்தான்.

ஆனாலும் அளவைகள் முழுசாக நிற்கவில்லை. எம்புடோவுக்குத் தெற்கே ஓட்டோவி என்ற இடத்தில் 1895இல் இன்னொரு நிலையம் வந்தது. அந்த நிலையத்தின் எண்கள்தான் பின்னர் மாநிலங்களுக்கு இடையிலான சண்டையில் தராசு ஆகின. 1938இல் கொலராடோ, நியூ மெக்சிக்கோ, டெக்சாஸ் மூன்றும் ரியோ கிராண்டே உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தன. ஓட்டோவியில் இவ்வளவு ஓடினால் நியூ மெக்சிக்கோ தெற்குக்கு இவ்வளவு விடவேண்டும் என்று அட்டவணை போட்டார்கள். அந்த உடன்படிக்கை பேசுவது ஆற்றில் ஓடும் தண்ணீரைப் பற்றி. கிணறு இறைப்பதைப் பற்றி அதில் பேச்சில்லை. இந்த ஓட்டையை ஞாபகம் வைத்திருங்கோ.

கிணறு ஏன் அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை என்று நாங்கள் முதலில் யோசித்தோம். காரணம் ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்தில் பள்ளத்தாக்கின் வருத்தம் நிலத்தடி நீர் இல்லாதது அல்ல, கூடிப்போனது. மேலே கொலராடோவில் 1880களில் இருந்து பெரிய அளவில் பாசனம் தொடங்கியதால் ஆற்றில் தண்ணீர் குறைந்தது. மண்ணை அடித்துக்கொண்டு போக வலு இல்லாமல் ஆற்றுப் படுக்கை மேலே மேலே உயர்ந்தது. படுக்கை உயர, பக்கத்து நிலத்தின் நீர்மட்டமும் சேர்ந்து உயர்ந்தது. வயல்கள் ஊறி உப்புப் பூத்தன. கமக்காரர் விட்டுப் போனார்கள். 1925இல் மத்திய ரியோ கிராண்டே காப்பு மாவட்டம் என்ற அமைப்பு உருவாகி, 1930களில் அணைக்கட்டுகளும் வடிகால்களும் வெட்டி அந்தத் தண்ணீரை இறக்கியது. தண்ணீரை வெளியேற்றக் காசு கட்டின தலைமுறைக்கு, அது ஒருநாள் முடியும் என்று யார் சொல்லி விளங்கவைக்கிறது?

விளங்கவைக்கக்கூடிய ஆள் அங்கேயே இருந்தார். பெயர் சார்ள்ஸ் தைஸ். 1900இல் பிறந்தவர். சின்சினாட்டியில் குடிசார் பொறியியலும் பிறகு புவிச்சரிதவியலும் படித்தவர். 1930இல் திணைக்களத்தில் சேர்ந்து நியூ மெக்சிக்கோவுக்கு வந்தார். மாநிலத்தின் கிழக்குச் சமவெளியில் கமக்காரர் பம்புகளால் இறைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு கிணற்றை இறைத்தால் நீர்மட்டம் சுற்றிவரக் கூம்பு மாதிரி இறங்கும். அதுவரை இருந்த சமன்பாடுகள் அந்தக் கூம்பு ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றுவிடும் என்று எடுத்துக்கொண்டன. களத்தில் தைஸ் பார்த்தது அது அல்ல. கூம்பு நிற்காமல் நாளுக்கு நாள் அகன்றது. சமன்பாட்டில் காலம் இல்லை, அதுதான் பிழை.

தைஸுக்கு ஒரு யோசனை வந்தது. மணலுக்குள் தண்ணீர் நகர்வது உலோகத்துக்குள் சூடு நகர்வது போலத்தானே? ஒரு பெரிய தகட்டின் நடுவில் ஒரு புள்ளியால் சூட்டை எடுத்துக்கொண்டே இருந்தால் தகடு எப்படிக் குளிர்ந்து போகும் என்ற கணக்கை வெப்பவியல்காரர் ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கவேண்டும். சின்சினாட்டியில் இருந்த கணிதக்கார நண்பர் கிளாரன்ஸ் லூபினிடம் கேட்டார். லூபின் தீர்வைக் கொடுத்தார். ஆனால் கட்டுரையில் தன் பெயரைச் சேர்க்கவேண்டாம் என்றுவிட்டார். கணிதமாக அதில் புதிதாக ஒன்றும் இல்லை என்பது அவர் எண்ணம். 1935இல் தைஸ் தன் பெயரில் வெளியிட்ட அந்தக் கட்டுரையில் இருந்துதான் உலகம் முழுக்க இன்றைக்கும் கிணற்றுப் பரிசோதனை செய்கிறவர்கள் பயன்படுத்தும் தைஸ் சமன்பாடு வந்தது. நண்பனுக்குக் கணக்குச் செய்து கொடுத்துவிட்டுப் பெயர் வேண்டாம் என்ற லூபினை எங்களுக்குப் பிடித்துப்போனது.

1940இலும் 1941இலும் தைஸ் எழுதிய இரண்டு கட்டுரைகள்தான் எங்கள் கதைக்கு இன்னும் முக்கியம். அவர் கேட்ட கேள்வி சின்னப்பிள்ளை கேட்பது போல இருக்கும்: கிணற்றில் வாற தண்ணி எங்கயிருந்து வருது? இறைப்பதற்கு முன் நிலத்துக்குள் போகும் தண்ணீரும் வெளியே கசியும் தண்ணீரும் ஏறக்குறையச் சமன். மழையும் மலைக்கசிவும் உள்ளே போகும். ஆற்றுக்கும் ஊற்றுக்கும் மரங்களுக்கும் வெளியே போகும். இப்போது ஒரு கிணறு வெட்டி இறைத்தால் அது மூன்று இடத்தில் இருந்துதான் வரமுடியும். நிலத்தில் சேமித்துக் கிடந்ததில் இருந்து வரலாம். புதிதாக உள்ளே இழுக்கப்படுவதில் இருந்து வரலாம். ஆற்றுக்குப் போக இருந்ததைத் தடுத்து எடுக்கலாம். தொடக்கத்தில் எல்லாம் சேமிப்பில் இருந்து வரும். கூம்பு அகன்று அகன்று ஆற்றைத் தொடும்போது, மெல்ல மெல்ல ஆற்றில் இருந்து வரும். ஆற்றில் இருந்து தூரத்துக் கிணறு என்றால் அதற்குப் பத்து வருசம் ஆகலாம், ஐம்பது வருசமும் ஆகலாம். பம்பை நிறுத்தினாலும் ஆறு உடனே தப்பாது. கிணற்றைச் சுற்றி உண்டான பள்ளம் நிரம்பும்வரை ஆற்றில் இருந்து இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் பக்கத்து வீட்டு மோட்டரின் விளைவு அன்றைக்கே தெரிந்துவிடும், சண்டையும் அன்றைக்கே முடிந்துவிடும். ரியோ கிராண்டேப் பள்ளத்தாக்கின் மணலிலும் சரளையிலும் அப்படி இல்லை. இறைத்தவர் பென்சன் எடுத்துப் போன பிறகுதான் ஆற்றுக்குத் தெரியும். அந்தத் தாமதம்தான் இந்தக் கதையின் வில்லன் என்று எங்களில் ஒருத்தி ஒப்படையில் எழுதினாள். விரிவுரையாளர் அதைச் சிவப்பு மையால் கோடிட்டார். பாராட்டாகவா கண்டிப்பாகவா என்று இன்றைக்கும் தெரியாது.

இதற்கிடையில் நகரம் வளர்ந்தது. 1940இல் அல்புகேர்க்கியின் சனத்தொகை 35,449. அந்தப் பத்தாண்டில் யுத்தம் வந்தது, விமானத் தளம் வந்தது, அணுவாயுத ஆராய்ச்சியோடு சேர்ந்த சண்டியா ஆய்வுகூடம் வந்தது. 1950இல் 96,815. 1960இல் 201,189. இருபது வருசத்தில் ஐந்தரை மடங்குக்கும் மேல். அத்தனை பேருக்கும் குடிதண்ணீர் கிணற்றில் இருந்துதான். ஆற்றில் இருந்து ஒரு சொட்டும் குடிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் நல்லது, மலிவு, சுத்திகரிப்பும் பெரிதாகத் தேவையில்லை.

நகரம் இவ்வளவு நிம்மதியாக இருந்ததற்குக் காரணம் ஒரு கதை. எங்களுக்குக் கீழே சுப்பீரியர் ஏரி அளவுக்குத் தண்ணீர் கிடக்கிறது என்று சனம் பேசிக்கொண்டது. சுப்பீரியர் என்றால் பரப்பில் உலகின் மிகப்பெரிய நன்னீர் ஏரி. கதை முழுப் பொய்யும் இல்லை. பூமி விரிந்து பிளந்த நீளமான பள்ளம் அந்த இடம். மில்லியன் கணக்கான வருசங்களாக மண்ணும் மணலும் விழுந்து நிரம்பியது. சில இடத்தில் 14,000 அடி ஆழத்துக்கு வண்டல். அந்த ஆழத்தை நகரத்தின் பரப்பால் பெருக்கிப் பார்த்தால் ஏரிதான் வரும். ஆனால் வண்டல் எல்லாம் ஒரே வண்டல் இல்லை. அதை அப்போது துளைத்துப் பார்க்க ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

ஒருவருக்கு மட்டும் இருந்தது. ஸ்டீவ் ரெனோல்ட்ஸ் 1955இல் மாநிலப் பொறியியலாளர் பதவிக்கு வந்து 1990 வரை 35 வருசம் அதில் இருந்தவர். நியூ மெக்சிக்கோவில் அது சாதாரண உத்தியோகம் இல்லை, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று தீர்மானிக்கும் கதிரை. நிலத்தடி நீரை மாநிலம் கட்டுப்படுத்தலாம் என்ற சட்டம் 1931இலிருந்தே இருந்தது. 1956 கார்த்திகையில் ரெனோல்ட்ஸ் ரியோ கிராண்டே நிலத்தடிப் படுகையைத் தன் அதிகாரத்துக்குக் கீழே கொண்டுவருவதாக அறிவித்தார். அவருடைய தர்க்கம் தைஸின் தர்க்கம். ஆற்றுத் தண்ணீர் முழுக்க ஏற்கெனவே யாரோ ஒருவருக்குச் சொந்தம். கிணறு கடைசியில் ஆற்றைத்தான் குடிக்கிறது. ஆகவே புதுக் கிணறு வேண்டுமென்றால், அது ஆற்றில் உண்டாக்கப்போகும் இழப்புக்குச் சமமாக ஆற்றுப் பாத்தியதையை வாங்கி, அதைப் பயன்படுத்தாமல் விடவேண்டும். நகரம் மறுத்தது. வழக்கு மாநில உயர்நீதிமன்றம் வரை போய், 1962இல் ரெனோல்ட்ஸ் பக்கம் தீர்ந்தது.

பவலைக் கூச்சல் போட்டு இறக்கிய மேற்கில், ஒரு சமன்பாடு சட்டமாகி ஒரு நகரத்தை மடக்கியிருக்கிறது. வாசித்தபோது நாங்கள் ஏறக்குறையக் கைதட்டினோம். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம்.

நகரம் சும்மா இருக்கவில்லை. அதே 1962இல் காங்கிரஸ் சான் ஹுவான்–சாமா திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. கொலராடோ ஆற்றுக்குப் போகவேண்டிய தண்ணீரை, கண்டத்தின் நீர்ப்பிரிமேட்டுக்குக் கீழே மொத்தம் 26 மைல் சுரங்கம் குடைந்து ரியோ கிராண்டே பக்கம் திருப்புவது திட்டம். 1963இல் அல்புகேர்க்கி அதில் ஆண்டுக்கு 48,200 ஏக்கர்-அடி வாங்க ஒப்பந்தம் செய்தது. ஏக்கர்-அடி என்றால் ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். எங்கட குளங்களுக்கும் நீர்ப்பாசனத் திணைக்களம் பேசுவது இதே அலகுதான். 48,200 என்றால் ஏறக்குறைய 6 கோடிக் கன மீற்றர். நகரத்தின் திட்டம் நேர்த்தியாக இருந்தது: நாங்கள் கிணற்றில் இறைப்பம், ஆறு கசிந்து நிலத்தை நிரப்பும், ஆற்றுக்கு வாற இழப்பை இந்தத் தண்ணீரால் கட்டுவம். கணக்குச் சரி, எல்லாருக்கும் சந்தோசம்.

இங்கேதான் கதை எங்களுக்குச் சுவாரசியமானது. ரெனோல்ட்ஸின் விதி எந்தச் சூத்திரத்தில் நின்றதோ, நகரத்தின் நிம்மதியும் அதே சூத்திரத்தில்தான் நின்றது. அந்தக் காலத்துச் சூத்திரங்கள் நிலத்தை ஒரே சீரான மணலாகவும், ஆற்றுக்கும் அதற்கும் நடுவில் தடை இல்லாததாகவும் எடுத்துக்கொண்டன. அப்படியென்றால் இறைக்கும் தண்ணீரில் பெரும் பங்கை ஆறு சீக்கிரமே திருப்பி நிரப்பிவிடும், நிலத்துச் சேமிப்பு பெரிதாகக் குறையாது. ஆற்றைக் காப்பாற்ற எழுதிய கணக்கு, நிலத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று நகரத்துக்குச் சொல்லிவிட்டது. அப்படிச் சொல்லவேண்டும் என்று ரெனோல்ட்ஸ் நினைத்திருக்கமாட்டார். நகரம் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் கேட்டுக்கொண்டது.

1990இல் சனத்தொகை 384,736. நகரத்தின் கிழக்குப் பக்கக் கிணறுகளில் தண்ணீர் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்குவது தெரிந்தது. 1992, 1993இல் வெளிவந்த புவிச்சரிதவியல் அறிக்கைகள் ஏரிக் கதையை முடித்து வைத்தன. தாராளமாகத் தண்ணீர் தருவது பழைய ரியோ கிராண்டே ஓடி விட்டுப்போன மணல், சரளைப் படை மட்டும்தான். அது நினைத்ததைவிட ஒடுக்கம், நினைத்ததைவிட மெல்லிசு. நகரம் நல்ல கிணறுகளை வெட்டியது தற்செயலாக அந்தப் பட்டிக்குள். அதற்குக் கீழேயும் பக்கத்திலும் கிடப்பது இறுகிய நுண்மண், களி; தண்ணீரை லேசில் விடாது, விட்டாலும் சில இடத்தில் தரம் குறைவு. ஆற்றுக்கும் ஆழமான படைக்கும் நடுவில் களிப் படைகள் இருந்ததால் ஆறு நினைத்த வேகத்தில் நிரப்பவும் இல்லை. சில இடங்களில் நீர்மட்டம் 100 அடிக்கு மேல் இறங்கியிருந்தது. நகரம் குடித்ததில் பெரும் பங்கு ஆற்றுத் தண்ணீர் அல்ல, நிலத்துச் சேமிப்பு.

பிறகு 1995இலிருந்து ஆறு வருசம் திணைக்களமும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து அந்தப் படுகையை முழுசாகப் படித்தார்கள். எங்களுக்கு அதில் பிடித்தது தண்ணீருக்கு வயது பார்த்த பகுதி. தொல்லியல் பாடத்தில் கரிக்கு வயது பார்க்கிற கார்பன்-14 முறையை, நீரில் கரைந்திருக்கும் கார்பனுக்குப் பயன்படுத்தினார்கள். தூரத்துப் பனிமலையில் இருந்து வந்த ஆற்று நீருக்கும், பக்கத்து மலையடிவாரத்தில் கசிந்த மழைநீருக்கும் ஐசோடோப்பு அடையாளம் வேறு. ஆகவே ஒரு கிணற்றுத் தண்ணீர் எந்த வழியால் வந்தது என்றும் சொல்லமுடிந்தது. பெரும்பாலான இடங்களில் தண்ணீரின் வயது ஆயிரக்கணக்கான வருசம். சில இடத்தில் 20,000 வருசத்துக்கு மேல், அதாவது கடைசிப் பனியுகத்தில், அந்த இடம் இப்போதையைவிட ஈரமாக இருந்த காலத்தில் இறங்கிய தண்ணீர். இன்றைக்கு மலையடிவாரத்தால் புதிதாக உள்ளே போவது முன்பு நம்பியதைவிடக் குறைவு என்றும் தெரிந்தது. கார் கழுவினதும் புல்லுக்கு அடித்ததும் அந்தத் தண்ணீரால்தான்.

புல்லுக்கு அடித்தது என்று சும்மா சொல்லவில்லை. 1990களின் நடுவில் அந்த நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 250 கலன் போனது, எங்கட கணக்கில் 950 லீற்றர் வரை. அமெரிக்க நகரங்களில் நாங்கள் எல்லாவற்றையும் பிழையாகச் செய்த கதையைத்தான் எதிர்பார்ப்போம். ஆனால் அறிக்கை வந்தபிறகு அல்புகேர்க்கி உண்மையிலேயே மாறியது. கழிப்பறைத் தொட்டியை மாற்றினால் காசு திருப்பிக் கொடுத்தார்கள். புல்வெளியைப் பிடுங்கிக் கல்லும் கள்ளியும் வைக்க ஊக்குவித்தார்கள். இருபது வருசத்தில் ஆளுக்கான பாவனை கிட்டத்தட்டப் பாதியானது. 1997இல் நகரசபை கொள்கையை மாற்றி, சான் ஹுவான்–சாமாத் தண்ணீரைக் கணக்குத் தீர்க்க மட்டும் வைத்திராமல் நேரே குடிக்க முடிவெடுத்தது. 2008 மார்கழியில் ஆற்றில் இருந்து எடுத்த தண்ணீர் குழாய்க்கு வந்தது. பிறகு கிழக்குப் பக்கக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறத்தொடங்கியது, சிலதில் 30 அடிக்கு மேல். அவதானிப்புக் கிணறுகளின் வரைபுகளை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஐம்பது வருசமாக இறங்கிக்கொண்டே வந்த கோடு 2008க்குப் பிறகு திரும்பி மேலே போகிறது. நாங்கள் ஐந்து பேரும் ஒரு போனில் குனிந்து பார்த்தோம். நிலத்தடி நீர்க் கோடு ஏறி நாங்கள் பார்த்தது அதுதான் முதல்தரம்.

இதை வெற்றிக் கதை என்று முடிக்க ஒருத்தன் சொன்னான். மற்ற நாலு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை.

முதலாவது, இந்த நூறு வருசக் கணக்கில் புவேப்ளோ மக்கள் எங்கே? இஸ்லேற்றா, சண்டியா, சான்டா ஆனா, சான் பெலிப்பே, சாந்தோ டொமிங்கோ, கோச்சிட்டி ஆகிய ஆறு புவேப்ளோக்களும் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. வடிகால் திட்டத்துக்காக 1928இல் நிறைவேற்றிய சட்டம் அவர்களுடைய பழைய பாசன நிலங்களின் உரிமை எல்லாருக்கும் முந்தியது என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் நடுப் பள்ளத்தாக்கில் யாருக்கு மொத்தம் எவ்வளவு தண்ணீர் என்று நீதிமன்றம் இன்னும் வகுத்துத் தீர்க்கவில்லை. பனியுகத்துத் தண்ணீருக்கு வயது பார்க்க முடிந்த நாட்டில், முதலில் வந்தவர்களின் பங்கு இன்னும் அளக்கப்படாமல் கிடக்கிறது. இரணைமடுத் தண்ணி யாழ்ப்பாணத்துக்கு வருவதா என்ற சண்டையில் கிளிநொச்சிக் கமக்காரர் கேட்டதும் இந்தச் சாயலில்தான் இருந்தது: எங்கட பங்கு எவ்வளவு எண்டு முதல்ல சொல்லுங்கோ.

இரண்டாவது, 1938இன் ஓட்டை. கீழே தெற்கு நியூ மெக்சிக்கோவில் கிணறுகள் இறைப்பதால் தனக்கு வரவேண்டிய ஆற்றுத் தண்ணீர் குறைகிறது என்று டெக்சாஸ் 2013இல் உச்ச நீதிமன்றம் போனது. மாநிலங்கள் சமாதானமாகப் போக எழுதிய ஒப்பந்தத்தை 2024 ஆனியில் நீதிமன்றம் 5க்கு 4 என்று நிராகரித்தது. மத்திய அரசின் சம்மதம் இல்லாமல் தீர்க்கமுடியாது என்பது காரணம். கிணறு ஆற்றைக் குடிக்கிறது என்று தைஸ் எழுதி 80 வருசத்துக்கு மேல் ஆன பிறகும், அதே வாக்கியத்தைச் சுற்றித்தான் வழக்கு.

மூன்றாவது, ஆறு. 2022 ஆடியில் அல்புகேர்க்கி நகரத்துக்குள்ளேயே ரியோ கிராண்டே காய்ந்தது. நாற்பது வருசத்துக்குப் பிறகு முதல்தரம். கொலராடோ மலைகளில் பனி குறைந்து, இருப்பதும் முந்தி உருகுகிறது. ஆறு மிகவும் தாழும் கோடைகளில் நகரம் ஆற்றில் எடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பக் கிணறுகளைப் போடுகிறது. 2008க்குப் பிறகு ஏறிய அந்த முப்பது அடி அப்படியான நாளுக்கான சேமிப்புத்தான் என்று நகரத்தின் நீர் அதிகாரிகள் சொல்கிறார்கள். நியாயமான பேச்சு. ஆனால் அந்தக் கோடைகளில் போடும் ஒவ்வொரு பம்பின் கூம்பும் ஆற்றைத் தேடி மெல்ல அகன்றுகொண்டுதான் இருக்கும். எம்புடோவில் அளவு எடுப்பவர்களின் புத்தகத்தில் அது இந்த வருசம் ஏறாது.